பெரும்பாட்டு மாத்திரையும் தாய்ப்பாலும்

பிள்ளை பெற்றவள் மாத்திரை சாப்பிட்டால் அது பாலில் இறங்கிக் குழந்தைக்குப் போய்விடும் என்று நம் தருமபுரிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அது வீண் பேச்சு அல்ல. பல மருந்துகள் பாலில் இறங்கத்தான் செய்கின்றன. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு இறங்குகிறது என்று கேட்காமலே பாலை நிறுத்திவிடுவதுதான் தப்பு.

எங்கள் தெருவில் ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பியபோது பெரும்பாடாகப் போயிற்று. டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கி வந்தாள். "மாத்திரை முடியற வரைக்கும் பால் குடுக்காதே, டப்பாப் பால் கரைச்சுக் குடு" என்று மாமியார் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் மார் கட்டிக்கொண்டது. பிள்ளையோ புட்டிப் பாலைத் துப்பிவிட்டு ஒரே அழுகை.

"ஏங்க்கா, மாத்திரையை நிறுத்தட்டுமா, பாலை நிறுத்தட்டுமா?" என்று என்னிடம் வந்தாள்.

"நீயா எதையும் நிறுத்தாதே கண்ணு, மாத்திரை அட்டையை எடுத்துக்கிட்டு வா" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்து டாக்டரிடம் காட்டினார். 'டிரானெக்ஸாமிக் ஆசிட்' என்று இருந்தது. "இதுக்காகப் பாலை நிறுத்த வேணாம்மா" என்றார் டாக்டர். அங்கேயே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? வயலில் மடையை மண் போட்டு அடைக்கிறோம்; தண்ணீர் அரித்தால் அடைப்பு கரைந்துவிடும் அல்லவா? ரத்தம் உறைந்து காயத்தை அடைப்பதும் அப்படித்தான். அந்த அடைப்பைக் கரைக்கும் பொருளும் நம் உடம்பிலேயே உண்டு. அது அவசரப்பட்டுக் கரைத்துவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பிள்ளை பெற்ற தாய்தான். ஜப்பான் நாட்டு டாக்டர் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962-ல் இதை உலகுக்குச் சொன்னார்கள். பிரசவ ரத்தப்போக்கில் தாய்மார் சாகக்கூடாது என்பதே அந்த அம்மையாரின் ஆசை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் முதுகில் கட்டிக்கொண்டே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தாராம்!

சரி, பாலில் எவ்வளவு இறங்குகிறது? தாயின் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுத்துக்கொண்டே இதைச் சாப்பிட்ட 21 தாய்மாரின் குழந்தைகளைக் கவனித்தார்கள். மருந்தினால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அது சின்ன ஆய்வு. ஆகையால் குறைமாதக் குழந்தை, நோஞ்சான் குழந்தை என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம். 'ரத்தம் நிற்க மாத்திரை' என்று வீட்டில் சொல்வதெல்லாம் ஒரே மாத்திரை அல்ல.

பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்கக் கொடுக்கும் 'மெத்தில் எர்கோமெட்ரின்' வேறு. அதைச் சாப்பிடும்போதும், கடைசி வேளைக்குப் பின் 12 மணி நேரம் வரையும் பால் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தால், பால் கொடுக்கலாமா என்று தனியாகக் கேட்டே ஆகவேண்டும்.

கோயில், திருவிழா என்று நாள் தள்ளிப்போட வாங்கும் 'நாரெதிஸ்டிரோன்' ஹார்மோன் மாத்திரை. அதுவும் வேறு. டிரானெக்ஸாமிக்குடன் வலிக்கான மெஃபனமிக் ஆசிட் சேர்த்த மாத்திரையும் கடையில் உண்டு. வயிற்றுப் புண் உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும்.

பாலுக்குக் கெடுதல் இல்லை என்பதால் மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே வாங்கி விழுங்கலாமா? கூடாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியிருந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். மாலா-என் போன்ற கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லவேண்டும்; இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கட்டும் ஆபத்து கூடும். பிரசவமான முதல் ஆறு வாரத்தில் அந்த ஆபத்து இயற்கையாகவே அதிகம். கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பார்வையில் நிறம் மாறித் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

மாதவிலக்குக்கு என்றால் அதிகம் போகும் நாட்களில் மட்டும், டாக்டர் சொன்ன கணக்கில் சாப்பிடுவது. பொதுவாக ஐந்து நாளுக்கு மேல் போகாது. மாதாமாதம் அப்படியே போனால் காரணம் என்னவென்று பார்க்க வேண்டும்.

பிரசவமான அன்றே ரத்தம் கொட்டினால் கதை வேறு. அப்போது வீட்டில் மாத்திரை தேடாதீர்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக விழுந்தாலோ, கண் இருட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். 21 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் இந்த மருந்தை ஊசியாகப் போட்டால், ரத்தப்போக்கினால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பதினைந்து நிமிடம் தாமதித்தால் பலன் பத்து சதவீதம் போல் குறைந்துவிடுகிறதாம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களிலிருந்து இறங்கவே நேரமாகும். அதனால் அங்கே இருப்பவர்கள் நாள் நெருங்கும்போதே கீழே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவது நல்லது. இந்த முடிவைப் பார்க்க உட்டாகோ அம்மையார் இல்லை, 2016-லேயே காலமாகிவிட்டார்.

போன ரத்தத்தை ஈடுகட்ட வேண்டாமா? இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள். டீ, காப்பியோடு மட்டும் அதை விழுங்காதீர்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் நம் ஊர்ச் சாப்பாடுதானே! ரத்த அளவையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த டாக்டரிடம் போனாலும், உட்கார்ந்த உடனே "நான் பால் கொடுக்கிறேன், குழந்தைக்கு இத்தனை மாதம்" என்று சொல்லிவிடுங்கள். மாத்திரையை அட்டையோடு வாங்குங்கள். பெயர் உள்ள பக்கத்தைக் கடைசி வரை கிழிக்காமல் வையுங்கள்.