பிழை யாருடையது?

பண்படுத்தாத பாத்தியில் உப்பு விளையாது. மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைநீரில் மூழ்கிக் கிடந்த பாத்தியின் சேற்றை வழித்து, வரப்பு கட்டி, காலால் மிதித்துத் தளத்தை இறுக்கிய பின்னரே உவர்நீரைப் பாய்ச்சுவார்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு உப்பைக் குறைகூறும் தொழிலாளியை நான் கண்டதில்லை. கணினியின் முன் அவ்வாறு செய்யும் தமிழாசிரியர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எங்கள் ஊரே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்நூலிலும் நெய்தல் பாடல்களிலும் உப்பு, உமணர் பற்றிய சொற்களைத் தொகுத்து ஆராய என் மாணவி ஒருத்தி விரும்பினாள். மின்னூலாகப் பாடம் கிடைத்தது. சொற்களைப் பிரித்தெண்ணும் நிரலைக் கல்லூரிக் கணினியில் நிறுவ முயன்றபோது, 'தொடரமைப்புப் பிழை' என்ற பொருளில் ஒரு செய்தி வந்து வந்து நின்றது. மூன்று நாள் கழித்து அவள் சொன்னாள்: "எனக்குக் கணினி வராது ஐயா. வேறு தலைப்பு கொடுங்கள்."

பிழை அவளுடையதன்று. அக்கணினியில் இருந்தது பைத்தான் 2.7. நிரலோ பைத்தான் 3-இன் இலக்கணத்தில் எழுதப்பட்டது. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1-உடன் முடிந்தது. நிரல்களைத் தருவித்து நிறுவும் 'பிப்' என்னும் கருவியும் 2021 சனவரியில் வந்த 21.0 பதிப்பு முதல் 2.7-ஐக் கைவிட்டது. புதிய நூலைப் பழைய அகராதி கொண்டு படித்து, நூல் பிழை என்று தீர்ப்பளித்தது கருவி. நாங்கள் அதை மாணவியின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம்.

"இதெல்லாம் கணினித்துறையின் வேலை" என்பார் நண்பர். அவருக்கு ஒரு சான்று. 'தமிழ்' என்னும் சொல்லை யுடிஎஃப்-8 முறையில் சாதாரணச் சரமாகத் தந்து நீளம் கேட்டால் பைத்தான் 2.7 பதினைந்து என்கும். அது எண்ணுவது பைட்டுகளை. பைத்தான் 3 ஐந்து என்கும். அது எண்ணுவது ஒருங்குறிக் குறிகளை. எழுத்து மூன்றுதான் என்று சொல்ல இலக்கணம் கற்றவர் வேண்டும். அவர் விலகி நின்றால் பதினைந்தும் ஐந்துமே ஆய்வேடுகளில் ஏறும்.

தீர்வு எளியது. நிறுவும் முன் கருவியின் பதிப்பைப் பாருங்கள். நிரல் கோருவது எந்தப் பதிப்பு என்று அதன் குறிப்பில் படியுங்கள். புதிய பைத்தானை நிறுவி, ஒவ்வோர் ஆய்வுக்கும் தனிச் சூழல் அமையுங்கள். பழையதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். திஸ்கி காலத்துக் கோப்புகளை மாற்ற எழுதிய பழைய நிரல்களுக்கு அது தேவைப்படலாம். பழைய ஏட்டைப் பாதுகாப்பது வேறு, அதைக் கொண்டே எல்லாவற்றையும் படிப்பது வேறு.

மேற்கோள் காட்டினால் "எந்தப் பதிப்பு?" என்று மாணவரை மடக்கும் நாம், கருவியிடமும் அதைக் கேட்கத்தான் வேண்டும். அம்மாணவி தலைப்பை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் குற்றம் என்னுடையது.