ஆஸ்பத்திரி தொழுவத்துக்கு வரவேண்டும்

மனிதனுக்கு நோய் வந்தால் பஸ் ஏறியோ, பிறர் தோளில் சாய்ந்தோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். கன்று ஈன்ற மறுநாள் தொழுவத்தில் படுத்துவிட்ட பசுவால் அப்படிப் போக முடியாது. நானூறு கிலோ எடையுள்ள அந்த ஜீவனைத் தூக்கி வண்டியில் ஏற்ற நாலு பேர் போதாது. ஏற்றினாலும், குலுங்கும் வண்டியில் அது இன்னும் துவண்டுவிடும். ஆகவே மாட்டு வைத்தியத்தைப் பற்றி யோசிக்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி, எவ்வளவு உயர்ந்த யந்திரத்தை வாங்கலாம் என்பதல்ல. வாங்கும் யந்திரம் அந்தத் தொழுவம் வரை போய்ச் சேருமா என்பதுதான்.

கால்நடை மருத்துவத்தில் இன்று வந்திருக்கும் சாதனங்களைக் கண்டால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. படத்தை உடனே கம்ப்யூட்டர் திரையில் காட்டும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஒரு துளி ரத்தத்திலிருந்து பல விவரங்களைச் சில நிமிஷங்களில் சொல்லிவிடும் கருவி, வயிற்றுக்குள் நுழைந்து பார்க்கும் குழாய்க் காமிரா, மயக்க மருந்தை வாயுவாகச் செலுத்தும் யந்திரம் என்று மனித ஆஸ்பத்திரிக்குச் சளைக்காத ஏற்பாடுகள் வந்துவிட்டன. நகரங்களில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் இவற்றின் பயன் கிடைக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயில்லாப் பிராணி எதுவானாலும் அதன் வலி வலிதானே! ஆனால் நாயைத் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டு பசுக்களின் பாலை நம்பிக் கடன் கட்டும் குடும்பத்தின் கதை வேறு. அங்கே ஒரு பசு போனால் வருமானத்தில் பாதி போய்விடும்.

யந்திரத்தின் விலைக்கும் அதன் பயனுக்கும் நேரான சம்பந்தம் கிடையாது என்பதற்குப் பால் சுரத்தின் சரித்திரத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. நிறையப் பால் தரும் பசுக்களுக்குக் கன்று ஈன்ற ஓரிரு நாட்களில் வரும் நோய் அது. பெயர்தான் சுரமே தவிர, உடம்பு சில்லிட்டுவிடும். கால்கள் தள்ளாடும். பசு படுத்து, கழுத்தை மடித்து விலாவின் மேல் வைத்துக்கொள்ளும். பிறகு எழுந்திருக்காது. ஐரோப்பாவில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் கண்ட பசுக்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. 1897-ல் டென்மார்க் தேசத்தில் கோல்டிங் என்ற ஊரிலிருந்த ஷ்மிட் என்ற மிருக வைத்தியர், மடியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று எண்ணி, அதற்கு மாற்றாக ஒரு மருந்தைக் காம்பு வழியே மடிக்குள் செலுத்தினார். பல பசுக்கள் எழுந்து நின்றன. சில ஆண்டுகளில் இன்னொரு டென்மார்க் வைத்தியர், மருந்தே வேண்டியதில்லை, சுத்தமான காற்றை மடிக்குள் அடைத்தாலே போதும் என்று கண்டுபிடித்தார். சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல ஒரு சிறு பம்பைக் கொண்டு மடிக்குக் காற்றடித்தார்கள். சாகக் கிடந்த பசு, சில மணி நேரத்தில் எழுந்து தீவனம் தேடியது!

ஷ்மிட்டின் காரணம் தவறு, சிகிச்சை சரி. 1925-ல்தான் எடின்பரோவில் ட்ரையர், கிரெய்க் என்ற இருவர், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைவதே இந்த நோய் என்று எடுத்துரைத்தார்கள். ஈன்றவுடன் சீம்பாலுக்காக மடி கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மடியில் காற்று நிறைந்து அழுத்தும்போது அந்த உறிஞ்சல் நிற்கிறது. காற்று செய்த மாயம் இவ்வளவுதான். இன்று கால்சியம் பாட்டில் ஒன்றை ரத்தக் குழாயில் ஏற்றினால் பெரும்பாலான பசுக்கள் எழுந்துவிடுகின்றன. அந்த மருந்துக்கும் குழாய்க்கும் ஊசிக்கும் ஆகும் செலவு, பசுவின் விலையில் மிகச் சிறு பங்கு. ஆனால் ஒன்று. அதை மளமளவென்று ஏற்றினால் பசுவின் இருதயம் நின்றுவிடும். ஒரு கையால் பாட்டிலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருந்துகொண்டே, மறு கையிலுள்ள ஸ்டெதாஸ்கோப்பால் இருதயத்தின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதாவது ஒரு பாட்டில், ஒரு ஸ்டெதாஸ்கோப், பொறுமையுள்ள ஒரு டாக்டர் ஆகிய மூன்றும், பசு படுத்த சில மணி நேரத்துக்குள், பசு இருக்கும் இடத்துக்கு வந்து சேரவேண்டும். நாற்பது மைலுக்கு அப்பால் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருந்தும் அந்தப் பசுவுக்குப் பிரயோஜனமில்லை.

உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்ட ஒரே மாட்டு நோயான வெக்கையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கிராமம் கிராமமாக மாடுகளை வாரிக்கொண்டு போன கொள்ளை நோய் அது. இந்தியாவில் அதை ஆராய 1889-ல் பூனாவில் ஆரம்பித்த ஆய்வுக்கூடம், பிறகு இமயமலைச் சாரலில் முக்தேசுவருக்கு மாறியது. அங்கே எட்வர்ட்ஸ் 1920-களில் ஆட்டின் உடலில் பக்குவப்படுத்திய தடுப்பூசியை உருவாக்கினார். தமிழ்நாட்டில் 1932-ல் இராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தோன்றியது. பின்னர் கென்யாவில் பிளௌரைட் என்ற விஞ்ஞானி இன்னும் சிறந்த தடுப்பூசியைக் கண்டார். மருந்து உயர்ந்ததுதான், ஆனால் ஐஸ் பெட்டியை விட்டு எடுத்தால் கெட்டுவிடும். ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவது? 1980-களின் இறுதியில் ஜெஃப்ரி மரைனர் என்பவர், அதே மருந்தை ஒரு மாத காலம் குளிர்ச்சியின்றித் தாங்கும்படி உலர்த்தும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு, மாடு மேய்க்கும் மக்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, மருந்தைப் பையில் போட்டு மந்தைகளைத் தேடி அனுப்ப முடிந்தது. இந்தியாவில் கடைசியாக 1995-ல் காணப்பட்ட வெக்கை, 2011-ல் உலகத்தை விட்டே போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. பையில் போட்டுக்கொண்டு நடக்கக் கூடியதாக மருந்து மாறியது அந்த வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம்.

கோமாரித் தடுப்பூசிக்கு இன்றும் அந்த வசதி இல்லை. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் அதை வைத்திருக்க வேண்டும். வெயிலில் இருந்தாலும் கெட்டுப்போகும். உறைந்து போனாலும் கெட்டுப்போகும். இரவில் மின்சாரம் போய்க் காலையில் வந்தால், பெட்டிக்குள் என்ன நடந்தது என்பது பார்வைக்குத் தெரியாது. வெப்ப நிலையைத் தானே குறித்து வைக்கும் சிறு கருவி ஒன்றை உள்ளே வைத்தால் தெரிந்துவிடும்.

பார்வைக்குத் தெரியாத நஷ்டம் சினை ஊசியில் இன்னும் அதிகம். இதன் பின்னாலுள்ள விஞ்ஞானம் மகத்தானது. 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், கிளிசரின் சேர்த்தால் விந்து உறைந்தும் உயிரோடிருக்கும் என்று கண்டார்கள். இன்று உதகையிலும் ஈச்சங்கோட்டையிலும் தயாராகும் உறை விந்து, கால் மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் ஜாடிகளில் கிராமங்களுக்குப் போகிறது. அந்தத் திரவம் நாள்தோறும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறித்த நாளில் மறுபடி ஊற்றாவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் வீண். ஊசி போடும்போதும், குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிஷம் வைத்து உருக்க வேண்டும். அந்த நீரின் சூட்டை அளக்க ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். அதை விட்டுவிட்டுக் கை விரல்களுக்கிடையே தேய்த்தோ, சட்டைப் பையில் வைத்தோ உருக்கினால், இத்தனை தூரம் பத்திரமாக வந்த உயிரணுக்கள் கடைசி அரை நிமிஷத்தில் மடிந்துபோகும். விவசாயிக்கு இது எப்படித் தெரியும்? பசு மறுபடி பருவத்துக்கு வரும்போது, சினை பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பழி பசுவின் மேல் விழும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் பசு சந்தைக்குப் போய்விடும். நைட்ரஜன் வண்டி தாமதமானதற்கோ, தெர்மாமீட்டர் உடைந்து கிடந்ததற்கோ தண்டனை அதற்கு!

ஊசி போட்ட பசு சினையா, இல்லையா என்று கையால் பார்த்து உறுதி சொல்ல இரண்டு மாதம் வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு ஸ்கேன் கருவி, பாட்டரியில் வேலை செய்து, ஏறக்குறைய முப்பதாம் நாளிலேயே காட்டிவிடுகிறது. பசுவின் பருவ சுற்று 21 நாள். சினையில்லாத பசுவை ஒரு மாதம் முன்னதாகக் கண்டுகொண்டால், ஒரு சுற்றுக்கு மேல் வீணாகாமல் தப்பும். அத்தனை நாள் தீவனச் செலவும் மிஞ்சும். அந்த நாட்களில் கரு கலைந்துபோவதும் உண்டாகையால், பின்னொரு முறை பார்த்துக்கொள்வது அவசியம். கருவி கைப்பைக்குள் அடங்குவதுதான் இதிலுள்ள பெரிய குணம்.

மடிநோயைக் கண்டுபிடிக்கும் கருவியோ இதையும் மிஞ்சும் எளிமையுடையது. நான்கு கிண்ணங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவே. 1957-ல் கலிபோர்னியாவில் வகுத்த முறை. ஒவ்வொரு காம்பிலிருந்தும் சிறிது பாலைக் கறந்து, அதற்குச் சமமாக மருந்து நீரைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுள்ள மடிப் பகுதியின் பால் கூழாகத் திரிந்துவிடும். வீக்கமும் வலியும் வெளியே தெரிவதற்கு முன்பே இது காட்டிக் கொடுக்கும். சோப்புத்தூள் கரைசலைக் கொண்டே இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. எந்தக் காம்பில் நோய் என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, அந்த மருந்து கலந்த பாலை ஊருக்கு ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல் அல்லவா?

பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. 1903-ல் சென்னை வேப்பேரியில் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-ல் இந்தியாவிலேயே முதலாவதாக அமைந்த கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இல்லாவிட்டால், கிராமத்துக்குப் போக டாக்டர்தான் ஏது? 2019 அக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பசுவின் வயிற்றிலிருந்து, ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்த ஆபரேஷனில், 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்த பிறகே கத்தி வைத்தார்கள். பசுவின் வயிறு பருமனானது. அதை ஊடுருவிப் படமெடுக்கச் சக்தி வாய்ந்த எக்ஸ்ரே வேண்டும். தூக்கிச் செல்லும் சிறு யந்திரம் கால் எலும்புக்குத்தான் போதும். இப்படிப்பட்ட யந்திரங்கள் ஒருசில இடங்களில் இருக்கவேண்டியவையே. ஆயினும் அந்த 52 கிலோவை யோசித்தால், குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடி போட்டிருந்தால் ஆபரேஷனே வேண்டியிருந்திராது என்றும் தோன்றாமல் இல்லை.

1962 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் வீட்டு வாசலுக்கே வரும் கால்நடை மருத்துவ ஊர்திகள், எனவே, சரியான திசையில் வைத்த அடியாகும். ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பது மத்திய அரசின் திட்டம். 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆடு மாடுகள் முதலானவை ஏறக்குறைய 245 லட்சம். 2024-ல் இங்கே விடப்பட்ட ஊர்திகளும் 245. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே காலையில் மூன்று ஊர்களில் மூன்று பசுக்கள் படுத்தால் ஓர் ஊர்தி என்ன செய்யும்? வழியிலுள்ள கால்நடை மருந்தகத்தில் டாக்டரும் உதவியாளரும் இருந்தாக வேண்டும். மாட்டை நிறுத்திக் கட்டும் இரும்புச் சட்டம் துருப்பிடித்துச் சாயாமல் இருக்கவேண்டும். வயிறு உப்பி மூச்சு முட்டும் மாட்டின் இடது விலாவில் குத்திக் காற்றை வெளியேற்றும் கூர்முனைக் குழாய், தேடாமல் கைக்குக் கிடைக்க வேண்டும்.

புது யந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கும்போதே, அதைப் பழுது பார்க்கவும், உதிரிப் பாகம் வாங்கவும், இயக்குகிறவருக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆண்டுதோறும் தனியாக ஒரு தொகை ஒதுக்கவேண்டும். திறப்பு விழாவுக்கு இருக்கும் உற்சாகம் பாட்டரி மாற்றுவதற்கு இருப்பதில்லை. நைட்ரஜன் ஜாடி எந்தத் தேதியில் நிரப்பப்பட்டது என்பதை மருந்தகத்தின் வாசலிலேயே எழுதிப் போடுவது நல்லது. பார்த்துத் தெரிந்துகொள்ள விவசாயிக்கு உரிமை இருக்கிறது. அதற்குச் செலவும் ஒரு சாக்குக் கட்டிதான்.

ஊர்தி வந்து சேரும் வரை வீட்டார் செய்யக் கூடியதும் உண்டு. படுத்த பசுவை ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்க விடாமல், வைக்கோல் மூட்டைகளை இரு புறமும் முட்டுக் கொடுத்து, நெஞ்சின் மேல் நிமிர்ந்து உட்காரும்படி வைக்கவேண்டும். சில மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். வெயில் படாமல் மறைக்க வேண்டும். எண்ணெயோ கஷாயமோ எதையும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் வந்ததும் எத்தனையாவது ஈற்று, எந்த நாளில் எந்த நேரத்தில் ஈன்றது, நஞ்சுக்கொடி விழுந்ததா, கடைசியாக எப்போது தீவனம் எடுத்தது என்பவற்றைத்தான் கேட்பார். ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் சோப்பும், பிடித்துக்கொள்ள இரண்டு ஆட்களும், இரவானால் ஒரு டார்ச் விளக்கும் தயாராக இருக்கட்டும்.