குளிசைக்கு முன் ஒரு பட்டியல்

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது முன்னோர் மொழி. மிரட்சியே நோயாக வந்தவர் கையில் அந்நோய்க்குரிய மருந்தைக் கொடுத்தால், அம்மருந்தும் அவருக்குப் பேயாகத் தோன்றுவதில் வியப்பென்ன? இவ்வாரம் நாம் எழுதப் புகுவது இது பற்றியே.

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். அவர் மகள் நம் வகுப்பிற் பயிலும் மாணவி. காரணமின்றி நெஞ்சு படபடத்தல், கை நடுங்குதல், நள்ளிரவில் விழித்து விடியும்வரை கண்மூடாதிருத்தல் என்று பல மாதம் அல்லலுற்ற அவ்வம்மையாருக்கு, வைத்தியசாலையிற் பதகளிப்பு நோய் என்று கண்டு குளிசை கொடுத்தனர். வீடு திரும்பியதும் மகள் கைபேசியில் அம்மருந்தின் பெயரைத் தேடி, பக்க விளைவுகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கித் தாய்க்கு வாசித்தாள். குமட்டலில் தொடங்கிய வாசிப்பு வலிப்பில் வந்து முடிந்தது. அன்றிரவே குளிசைப் பொட்டலம் சாமிப் படத்தின் பின்னே போய் ஒளிந்துகொண்டது.

பத்து நாள் கழித்து அம்மாணவி நம்மிடம் வந்து, “சேர், நான் அதை வாசிக்காமலே இருந்திருக்கலாமோ?” என்று கேட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

வாசித்தது பிழையன்று, பாதியளவில் நிறுத்தியதே பிழை என்றோம்.

அத்தாயை அறியாதவர் என்று ஏளனஞ் செய்தல் தகாது. மழையில் வழுக்கும் மலைச் சரிவில், தலையிலே கயிறு மாட்டி முதுகிலே கூடை சுமப்பவருக்குத் தலைசுற்றல் என்பது சிறு சொல்லன்று. ஒரு நாள் வேலைக்குப் போகாவிடில் அந்நாட் சம்பளம் போயிற்று. அவர் அச்சத்துக்கு வேர் உண்டு. அதற்கு வேண்டுவது விடையேயன்றி வசையன்று.

“இம்மருந்து பழக்கமாகிவிடும்” என்று லயத்து முதியோர் எச்சரிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. லியோ ஸ்டேர்ன்பாக் என்னும் இரசாயன அறிஞர் கண்ட லிப்ரியம் 1960ஆம் ஆண்டிலும் வேலியம் 1963ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. உண்ட சிறிது நேரத்திற் கலக்கத்தைத் தணித்தமையால் அவை உலகெங்கும் தாராளமாக வழங்கப்பெற்றன. நெடுநாள் உண்டவர் விடமாட்டாது தவித்தமை பின்னரே தெளிவாயிற்று. ஆதலின் இன்று அவ்வினத்தைக் குறுகிய காலத்துக்கே கொடுக்க விழைகின்றனர். அவை தூக்கம் தருவன. மதுவோடு சேரின் மூச்சையும் அடக்க வல்லன.

இன்று பதகளிப்புக்குப் பெரிதும் முதலிற் கொடுக்கப்படும் செர்ட்ராலின் முதலியன வேறினம். இவை வேட்கையை வளர்ப்பன அல்ல. எனினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் உறக்கக் கேடும் தோன்றலாம். இவற்றின் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை செல்லும். தொல்லைகளோ முதல் வாரத்திலேயே முந்திக்கொள்ளும். குமட்டல், வயிற்றோட்டம், தலைவலி, உறக்கக் குறைவு, சிலருக்குச் சில நாள் கூடுதற் பதற்றம் என வருபவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். செலவு முன்னே வர, சம்பளம் பின்னே வரும் நம் வீட்டுக் கணக்கைப் போன்றதே இது. முன்னதைக் கண்டு அஞ்சி விட்டவர் பின்னதைக் காண்பதில்லை.

மருந்தோடு வரும் நீண்ட பட்டியலை வாசிக்கவும் ஒரு முறை உண்டு. அதிலுள்ளவை யாவும் ஒரே நிறையுடையன அல்ல. “மிகச் சாதாரணம்” என்றால் 10 பேரில் ஒருவருக்கேனும் வருவது. “சாதாரணம்” என்றால் 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை. “அரிது” என்றால் 10,000 பேரில் 1 முதல் 10 பேர் வரை. குமட்டலும் வலிப்பும் அடுத்தடுத்த வரியில் நிற்கலாம்; அதனால் அவை சமமாகா.

எதிர்பார்ப்பே தொல்லையை விளைவிப்பதும் உண்டு. இலண்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாற்றின் குளிசையைப் பக்க விளைவு கண்டு கைவிட்ட 60 பேரைப் பற்றியது. அவர்களுக்குச் சில மாதம் உண்மைக் குளிசையும், சில மாதம் மருந்தில்லா வெறுங் குளிசையும் கொடுத்து, சில மாதம் ஒன்றுமே கொடாதிருந்தனர். உண்மைக் குளிசையாற் கண்ட தொல்லையில் நூற்றுக்கு 90 பங்கு வெறுங் குளிசையிலும் காணப்பட்டது. அவர்கள் பட்ட துன்பம் பொய்யன்று. அதன் காரணமே வேறு.

ஆகவே அம்மாணவிக்கு நாம் ஒன்று சொன்னோம்: குளிசை தொடங்குமுன் ஒரு தாளில், தாய்க்கு ஏற்கெனவே உள்ள தொல்லைகளை எழுதுக. அவள் எழுதினாள். படபடப்பு, நடுக்கம், வயிற்றுப் புரட்டல், தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல். எழுதி முடித்தவள் திகைத்து நின்றாள். கைபேசியில் வாசித்தவற்றுட் பல, ஒரு குளிசையும் உண்ணாத தாயிடம் முன்னமே இருந்தன! அத்தாள் இல்லையேல் அத்தனை பழியும் மருந்தின்மேல் விழுந்திருக்கும்.

அத்தாளோடு இருவரும் மீண்டும் வைத்தியரிடம் சென்றனர். கேட்க வேண்டியவை சிலவே: எந்த வேளையில் உண்பது? உணவோடு உண்ணலாமா? குறைந்த அளவில் தொடங்கலாமா? ஒரு வேளை தவறினால் என் செய்வது? உண்ணும் வேறு குளிசைகளையும், நாட்டு மருந்தையும், கருவுற்றிருத்தலையும், பாலூட்டுதலையும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். உடல்வலிக்காக உண்ணும் சில குளிசைகள் இவற்றோடு சேரின் இரத்தக் கசிவுக்கு இடமுண்டு.

சில அறிகுறிகளுக்குக் காத்திருத்தல் ஆகாது. முகம் வீங்குதல், மூச்சு முட்டுதல், உடலெங்கும் தடித்தல், வலிப்பு, ஓரிடத்தில் இருக்கவொண்ணாத் தவிப்பு, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. 25 வயதுக்குட்பட்டோரிடம் இத்தகைய எண்ணம் தொடக்க வாரங்களில் மிகலாம் என்பதால், அவர்களை வீட்டார் அருகிருந்து கவனித்தல் கடன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் மாணவர் நினைவிற் கொள்க.

அம்மையார் குளிசையைத் தொடங்கினார். முதல் வாரம் குமட்டல் வந்தது; தாளில் இல்லாதது என்று மகள் குறித்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் அது தணிந்தது. ஆறாம் வாரத்தில் ஒருநாள், “அம்மா விடியும்வரை தூங்கினார்” என்று நம்மிடம் சொன்னாள். எல்லார்க்கும் இவ்வாறே நிகழும் என்று நாம் கூறோம். ஒரு மருந்து ஒவ்வாதவர்க்கு வேறு மருந்தும், மருந்தின்றிப் பேச்சாற் செய்யும் சிகிச்சையும் உண்டு. நிறுத்துவதாயினும் மாற்றுவதாயினும் வைத்தியரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுபவர். நம் தோட்டங்களில் அந்த நான்காமவர், பெரும்பாலும் பள்ளிச் சீருடை அணிந்த ஒரு பிள்ளையே. அப்பிள்ளைக்கு முழுதாக வாசிக்கக் கற்பிப்பது நம் கடமையன்றோ?