எஃபெக்ட் வேலை செய்யவில்லையா? முதலில் செய்தியை வாசிப்போம்

பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம், எதுவானாலும் இப்போது வீடியோ ஒன்று இல்லாமல் முடிவதில்லை. அதை எடிட் செய்வது பெரும்பாலும் ஊடகக் கழகப் பிள்ளைகள்தான். நல்ல விடயம்.

ஆனால் எஃபெக்ட் பிளகின் ஒன்று சண்டித்தனம் செய்தவுடன் பெரியவர்களாகிய நாம் சொல்லும் மருந்து இரண்டே இரண்டு. "அழிச்சிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணு." "வேற கிராக் ஒன்று தேடு." இரண்டுமே பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்பதே எமது கருத்து.

பிரீமியர் ப்ரோவில் உள்ள வார்ப் ஸ்டெபிலைசரை எடுத்துக்கொள்வோம். கையில் பிடித்து எடுத்த ஆட்டமான காட்சியை நிலைப்படுத்துவது அதன் வேலை. அதே கிளிப்பின் வேகத்தையும் மாற்றியிருந்தால் அது இயங்காது. இரண்டையும் ஒரே கிளிப்பில் போட முடியாது என்று திரையிலேயே ஒரு பட்டையில் எழுதிக் காட்டும். கிளிப்பின் அளவு சீக்வென்ஸின் அளவோடு பொருந்தாவிட்டால், நெஸ்ட் செய்தால் சரியாகும் என்று மருந்தையும் சேர்த்தே சொல்லும்.

அந்தச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளை அதை வாசிப்பதில்லை. வாசி என்று நாமும் சொல்வதில்லை. பழுது மென்பொருளில் இல்லை, அந்த ஒரு வரியைக் கடந்துபோகும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து போட்ட பிளகின் பட்டியலில் வராவிட்டாலும் இதே கதைதான். ஒழுங்காகக் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

1. இது எந்த மென்பொருளுக்கானது? ஓப்பன்எஃப்எக்ஸ் வகைப் பிளகின் டாவின்சி ரிசோல்வில் இயங்கும், பிரீமியரில் இயங்காது.

2. மிகப் பழையதா? பிரீமியர் 2010இல் வந்த சிஎஸ்5 முதல் 64 பிட் மென்பொருள். 32 பிட் பிளகினை அது ஏற்காது.

3. சரியான ஃபோல்டரில் இருக்கிறதா? அடோபி மென்பொருட்களுக்குப் பொதுவானது மீடியாகோர் என்ற ஃபோல்டர்.

4. வேறொரு பிளகின் இடைஞ்சலா? பிரீமியரின் அண்மைய பதிப்புகளை ஆல்ட் விசையை அழுத்தியபடி திறந்தால், பிளகின் கேஷை அழிக்கவும் வெளிப் பிளகின்களை நிறுத்திவைக்கவும் தெரிவுகள் வரும்.

5. கிராபிக்ஸ் கார்டா? புரொஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரரை 'சொஃப்ட்வெயார் ஒன்லி' என மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மெதுவாகவேனும் எஃபெக்ட் சரியாக வந்தால், சந்தேகம் கார்டின் மீதும் அதன் டிரைவரின் மீதும்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்தையும் சேர்த்து மாற்றினால் வேலை சரியாகலாம், எது காரணம் என்று மட்டும் தெரியாது. விஞ்ஞான பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பரிசோதனை செய்யச் சொல்கிறோமே, இதுவும் அதுதான்.

கிராக் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கிராக் போடும்போது "ஆன்டிவைரஸை நிறுத்து" என்று கேட்கிறதே, அதுவே எச்சரிக்கைதான். அந்தக் கணனியில் பிள்ளைகளின் புள்ளிகளும் பெயர், முகவரிகளும் படங்களும் இருக்கின்றன. பெற்றோர் நம்பித் தந்த அமானிதம் அது. ஒரு மினுமினுப்பு எஃபெக்டுக்காக அந்தக் கதவைத் திறந்துவிட எமக்கு உரிமை இல்லை.

"காசு கொடுத்து வாங்க பாடசாலையால் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வெட்டவும் ஒட்டவும் நிறம் திருத்தவும் ஒலி சீராக்கவும் ரிசோல்வின் இலவசப் பதிப்பே தாராளம். அதில் சில எஃபெக்டுகளைப் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். அது பழுதல்ல, கட்டணப் பதிப்புக்கு உரியவை அவை. இது தெரியாமல்தான் பல பிள்ளைகள் கிராக் தேடிப் போகிறார்கள்.

எமது யோசனை சிறியது. கணனிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். வந்த பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் அப்படியே எழுதட்டும். கீழே தமிழில் அதன் அர்த்தம். அதன் கீழே எதை மாற்றினோம், என்ன நடந்தது. ஒரு தவணை முடியும்போது அடுத்த குழுவுக்கு அந்தக் கொப்பியே வழிகாட்டி.

ஆங்கிலமும் வளரும், பொறுமையும் வளரும். வீடியோவும் விழாவுக்கு முதல் நாளே முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பாடசாலையில் எப்படிச் செய்கிறீர்கள்? கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படும்.