மதிலுக்கு அப்பால்

"ராணுவ ரகசியம் சார், நமக்கெதற்கு?" என்றார் நண்பர். ஆவடியில் டாங்கி ஆராய்ச்சி நிலையத்தின் மதிலோரமாக நடந்துகொண்டிருந்தோம். உள்ளே கேடு இருப்பதாக நான் சொல்லவில்லை. சுற்றுப்புற மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து ஊருக்குச் சொல்லட்டுமே என்றேன். அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் க்ருயினார்டு என்று ஒரு தீவு. 1942-ல் பிரிட்டிஷ் ராணுவ விஞ்ஞானிகள் அங்கே ஆடுகளைக் கட்டிவைத்து ஆந்த்ராக்ஸ் குண்டு வெடித்தார்கள். ஆடுகள் செத்தன, கிருமியோ மண்ணில் தங்கிவிட்டது. எச்சரிக்கைப் பலகை நட்டார்கள், தீவைப் பூட்டினார்கள். 1981-ல் யாரோ அந்த மண்ணை அள்ளிவந்து போர்ட்டன் டவுன் ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்! 1986-ல்தான் 280 டன் பார்மால்டிஹைடைக் கடல் நீரில் கலந்து தெளித்தார்கள். பலகையைப் பிடுங்கியது 1990-ல்.

எதிரிக்குத் தெரியக்கூடாதது டாங்கியின் சூட்சுமம். கிணற்று நீரில் என்ன ரகசியம், ஐயா? சோதனை முடிவை மாநகராட்சி வாசலில் ஒட்டுங்கள்.