கப்பல் கட்டவும் நிகழ்தகவு வேண்டும்

தென்கொரியாவின் உல்சான் தளத்தில் கப்பலைப் பெரிய எஃகுப் பகுதிகளாகச் செய்து, பிறகு ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். இயந்திரம், குழாய், மின்கம்பி என அனைத்தும் உரிய நாளில் வந்து சேர வேண்டும்.

மாணவர்களே, ஒரு கணக்கு. 10 பொருள்கள்; ஒவ்வொன்றும் குறித்த நாளில் வர 90 விழுக்காடு வாய்ப்பு. ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பாதிக்காது என்றால், பத்தும் தாமதமின்றி வரும் வாய்ப்பு என்ன? 0.9ஐப் பத்து முறை பெருக்குங்கள். ஏறக்குறைய 35 விழுக்காடுதான்!

கப்பலுக்கோ ஆயிரக்கணக்கான பொருள்கள். அதனால்தான் தாமதங்களைக் கணினியில் பலமுறை ஒத்திகை பார்த்து, எதை முன்கூட்டியே வாங்குவது என்று திட்டமிடுகிறார்கள். ஆனால், தவறான எண்ணைக் கொடுத்தால் கணினியும் தவறான விடையையே தரும்.

ஆகவே, மென்பொருளை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த எண்ணை நம்பலாம் என்று கேட்கவும் தெரிய வேண்டும். நிகழ்தகவைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள்.