நடுவரை நியமிக்கும் ஆட்டக்காரர்

அரசியல் துருவமயமானதால்தான் தேர்தல் மீதும் நாடாளுமன்றத்தின் மீதும் மக்களின் நம்பிக்கை குன்றுகிறது என்றும், இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்றும் முதலாளித்துவ ஏடுகள் அறிவுரை பகர்கின்றன. நடுநிலை போலத் தோன்றும் இவ்வாதம், வழிப்பறி செய்தவனையும் பறிகொடுத்தவனையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது.

நம்பிக்கை தானாகத் தேயவில்லை, திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகியோரைக் கொண்ட குழுவின் பரிந்துரைப்படியே தேர்தல் ஆணையர்கள் நியமிக்கப்பட வேண்டும் என 2023 மார்ச் 2 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மோடி அரசு புதிய சட்டத்தைக் கொண்டுவந்து, தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் பெயர் குறிக்கும் ஒன்றிய அமைச்சரை அமர்த்தியது. மூவரில் இருவர் அரசின் ஆட்கள் எனில், ஆட்டக்காரரே நடுவரை நியமிக்கிறார் என்பதன்றி வேறென்ன?

மக்களவைக்குள் நிகழ்ந்த பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கமளிக்க வேண்டும் எனக் கோரிய எதிர்க்கட்சியினர் 146 பேர் அதே கூட்டத்தொடரில் இரு அவைகளிலிருந்தும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆணையர் நியமன மசோதா அவர்களுள் பெரும்பாலோர் வெளியே நிற்கையில்தான் மக்களவையில் நிறைவேறியது.

2024 ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பன்ஸ்வாராவில் பிரதமர், இஸ்லாமியரைச் சுட்டி, ஊடுருவல்காரர்கள் என்றும் அதிகப் பிள்ளை பெறுவோர் என்றும் பேசினார். ஆணையமோ பேசியவரை விடுத்து பாஜக தலைவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே நாளில் ராகுல் காந்தியின் பேச்சுக்காகக் காங்கிரஸ் தலைவருக்கும் ஒன்றை அனுப்பிக் கணக்கைச் சமன் செய்தது. ஏடுகள் போற்றும் ‘இரு தரப்பு’ நியாயத்தின் நடைமுறை வடிவம் இதுவே.

மதத்தின் பேரால் மக்களைப் பிளப்பதும், சுரண்டலுக்கு எதிராக உழைப்பாளர் அணிதிரள்வதும் ஒன்றல்ல. முன்னது பின்னதைத் தடுப்பதற்கான ஆயுதம். 2013இல் மதக்கலவரத்தில் குருதி சிந்திய முசாபர்நகரில், 2021 செப்டம்பர் 5 அன்று இந்து, முஸ்லிம் உழவர்கள் ஒரே மகாபஞ்சாயத்தில் திரண்டனர். அத்தகைய ஒற்றுமையே மூன்று வேளாண் சட்டங்களையும் வீழ்த்தியது.

ஆகவே, தேவைப்படுவது இரு தரப்புக்கும் பொதுவான உபதேசமன்று. அந்த நியமனச் சட்டம் ரத்து செய்யப்பட வேண்டும்; அரசின் பெரும்பான்மை இல்லாத தேர்வுக்குழு அமைய வேண்டும். இக்கோரிக்கையை ஆலைவாயிலுக்கும் வயல்வெளிக்கும் கொண்டு செல்வதே ஜனநாயகத்தின் மீதான நம்பிக்கையை மீட்கும் வழி.